தவழும் கண்ணனும் ஒரு டன் ஏசியும்

மறுபடியும் டக். நின்றுவிட்டது சனியன். மாரீஸ்வரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், இரண்டு பதினேழு. ஓட ஆரம்பித்தது இரண்டு பதினாலுக்கு. மூன்று நிமிஷம் ஓடுவதற்கா சுவரில் அவ்வளவு பெரிய ஓட்டை போட்டு, ஜன்னல் சன்ஷேடில் ஏசியின் வெளிப்பெட்டியை ஏற்றி உட்கார வைத்தது? சனியன் என்று சொல்லியிருக்கக் கூடாது, இன்றைக்கு அந்த வார்த்தையே வரக்கூடாது, ஆனால் வாயால் சொல்லவில்லையே, மனசுக்குள்தானே, அது சேர்த்தியில்லை. கட்டிலில் விஜயராணி இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி இருக்கிறாளா என்று தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டால் புருஷன் தொணதொணக்க மாட்டான் என்பது பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா என்ன. காலை எட்டு மணிக்கு லேபில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. நாலு மணிக்கு மேல் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். கருவை உள்ளே வைத்து இன்றோடு பதினாலு நாள், அது ஒட்டிக்கொண்டதா இல்லையா என்பதை ஒரு நம்பராகச் சொல்வார்கள். நூறைத் தாண்டினால் நல்லது. முதல் தடவை இரண்டு என்று சொன்னார்கள். ரெண்டுன்னா என்னம்மா என்று இவன் கேட்டான், பரீட்சையில் இரண்டு மார்க்காவது வந்திருக்கிறதே என்பது மாதிரி. ரெண்டுன்னா இல்லைன்னு அர்த்தம் சார் என்றாள் அந்த நர்ஸ். இரண்டாவது தடவை நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று என்றால் இருக்கிறது, ஆனால் இன்னும் கூடணும், ரெண்டு நாள் கழித்துப் பாருங்கள் என்றார்கள். ரெண்டு நாள் கழித்துப் பத்தொன்பது. இது மூன்றாவது தடவை. இதற்கு மேல் என் உடம்பு தாங்காதுங்க, இதுதான் கடைசி என்று ராணி சொல்லியிருக்கிறாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, காய்கறி போதும் என்று சொல்கிற குரலில் சொன்னாள், அதுதான் இவனைக் குடைகிறது. டக். ஓட ஆரம்பித்தது. இரண்டு இருபது. சரி, நாலு மணிக்குள் இது ஒரே ஒரு தடவை பத்து நிமிஷம் நிற்காமல் ஓடிவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று மாரீஸ்வரன் மனசுக்குள் முடிச்சுப் போட்டான், போட்ட கையோடு பயந்தும் போனான், ஏனென்றால் இந்த மாதிரி முடிச்சைப் போடுவதுதான் சுலபம், அவிழ்ப்பது நம் கையில் இல்லை. இரண்டு இருபத்திமூன்று. டக். சேச்சே, அது ஒத்திகை. அதைச் சேர்க்கக் கூடாது. இனிமேல்தான் ஆட்டம்.

பிறகு மெல்ல எழுந்து கூடத்துக்குப் போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மெக்கானிக் செந்தட்டிக்குப் போன் போட்டான். செந்தட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ கல்யாண மண்டபத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான், பின்னாலே யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு வாய்ப்பே இல்ல. நாளைக்குக் காலையில முத வேலையா வாரேன். என்ன செய்யுது?" "மூணு நிமிசம் ஓடுது, நின்னுருது. மறுபடி மூணு நிமிசம் கழிச்சு ஓடுது. நிக்குது. பைத்தியம் பிடிச்ச மாதிரி." "ரூம் குளிர்ந்திருக்கா?" "எங்க குளிருது, மேல மட்டும் குளிருது, கட்டில்ல புழுக்கமாத்தான் இருக்கு." "எத்தனைல வச்சிருக்கீங்க?" "இருபத்தாறு." "ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க. வெளிப்பெட்டி மேல ஏதாவது துணிகிணி விழுந்து கிடக்கான்னு பாருங்க. காத்து போக வர்ற வழி எங்கயாச்சும் அடைச்சிருந்தா இப்படித்தான் செய்யும். அண்ணாச்சி, வீட்ல ஏதும் விசேஷமா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?" "ஒண்ணுமில்லப்பா, நீ பார்த்து இறங்கு" என்று வைத்துவிட்டான். விசேஷமா என்று கேட்கிறான் பார். இந்த ஊரில் யார் வாயைத் திறந்தாலும் அந்த ஒரு கேள்விதான், தெரிந்து கேட்டாலும் தெரியாமல் கேட்டாலும் அதேதான், கல்யாணமான மூன்றாம் மாசம் ஆரம்பித்தது. கேட்காதவர்கள் இப்போதெல்லாம் கேட்காமலே பார்க்கிறார்கள், அதற்குக் கேட்பதே தேவலை. கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது, அதில் நாளைத் தேதி இருந்தது. இன்றைய தாளைக் காலையில் எழுந்ததுமே கிழித்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டான். கன்னி, ஏமாற்றம் என்று போட்டிருந்தது, ராணிக்குக் கன்னி ராசி. இத்தனைக்கும் இவன் வேலை பார்ப்பதே காலண்டர் அச்சாபீஸில், பைண்டிங் பிரிவுக்கு மேஸ்திரி. ராசிபலன் எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்தவன், வரியில் இடம் பற்றவில்லை என்றால் நீளமான வார்த்தையைத் தூக்கிப் பக்கத்து ராசிக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை நேரில் தெரியும். அந்த ஏமாற்றம் சிம்மத்துக்கு எழுதியதாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் அவள் கண்ணில் பட வேண்டாம். நாளைக்குக் கன்னி, மகிழ்ச்சி. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபில்டரைக் கழற்ற நாற்காலி போட்டு ஏறினபோது ராணி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஏசிக்குக் கீழே பழைய காலண்டர் அட்டை ஒன்று சாய்வாகக் கட்டியிருந்தது, அதில் இடிக்காமல் கையை மேலே கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது. போன வருஷத்து அட்டை. வெண்ணெய்ப் பானைக்குப் பக்கத்தில் தவழும் கண்ணன், ஒரு கை தரையில், ஒரு கை நிறைய வெண்ணெய். இந்த ஊரில் சாமி படம் போட்ட அட்டையை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். தாள் முழுவதும் கிழிந்து தீர்ந்தாலும் அட்டை பீரோவுக்குப் பின்னால் போகும், அரிசிப் பானைக்கு மூடியாகும், எப்படியோ வீட்டுக்குள்ளேயே இருக்கும், அச்சடிக்கிறவன் வீட்டில் கேட்கவே வேண்டாம், கட்டிலுக்கடியில் இருபது கண்ணன், பதினைந்து முருகன். நாலு நாளைக்கு முன்னால் ராணியின் அம்மா போன் பண்ணி, மாப்பிள்ளை, ஏசிக் காத்து அவ வயித்துல நேரா அடிக்கப்படாது, ஊதக்காத்து உள்ள போயிரும் என்று சொல்லிவிட்டாள். அத்தை டாக்டருக்குப் படிக்கவில்லைதான். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் இரண்டு தடவை டாக்டர் சொன்னதை மட்டும் கேட்டு என்ன ஆயிற்று? அன்றைக்கே கட்டிலுக்கடியில் துழாவி, இருக்கிற அட்டையிலேயே பெரிதாக, கெட்டியாகப் பார்த்து எடுத்து, மேலே தகரப்பட்டை அடித்த இடத்தில் பைண்டிங் நூலைக் கோத்து, காற்று வாய்க்கு நேர் கீழே இழுத்துக் கட்டினான். காற்று அவள் மேல் விழாமல் மேலே திரும்பிப் போயிற்று. படம் கீழே பார்த்து இருக்கும்படி கட்டினான், ராணி மல்லாந்து படுத்தால் கண்ணன் அவளைப் பார்ப்பான். கட்டி முடித்து இறங்கியபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு, அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று. ஃபில்டரில் பெரிய தூசி ஒன்றுமில்லை. இருந்தாலும் குழாயடியில் கழுவி, உதறி, துண்டால் ஒற்றி மாட்டினான். இரண்டு ஐம்பது. டக், ஓடியது. ஒன்று, இரண்டு, இரண்டரை. டக். ராணி புரண்டு படுத்தாள்.

மொட்டை மாடியில் ஆவணி மாசம் என்று பெயர்தான், கால் வைக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவரில் வயிற்றைக் கொடுத்துக் குனிந்து சன்ஷேடைப் பார்த்தான். வெளிப்பெட்டி மேல் துணியும் இல்லை, கிணியும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தது, விசிறி நின்றிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஏதோ அச்சாபீஸில் மிஷின் ஓடுகிற சத்தம் தடக் தடக் என்று வந்துகொண்டே இருந்தது, அது நிற்கவில்லை, ஊரில் உள்ள மிஷினெல்லாம் நிற்காமல் ஓடுகிறது, நம் வீட்டு மிஷின்தான் இப்படி. இவன் ஆபீஸிலும் இந்நேரம் அடுத்த வருஷத்துத் தாள் ஓடிக்கொண்டிருக்கும். ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டாயிற்று, இனி தை வரைக்கும் மூச்சு விட நேரமில்லை. அடுத்த வருஷத்தில் பாதி அங்கே கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும், இன்னும் வராத நாட்கள், தொட்டால் மை ஒட்டுகிற நாட்கள். நினைக்காதே. போன தடவை நாற்பத்தொன்று என்று சொன்ன அன்றைக்கு இவன் என்ன செய்தான்? ஆஸ்பத்திரிச் சீட்டில் குழந்தை பிறக்கும் நாள் ஜூன் எட்டு என்று போட்டிருந்தது. மறுநாள் ஆபீஸில் போய், ஒரு தாள் குறைந்தால் கட்டையே பிரிக்கச் சொல்லிக் கத்துகிற இந்த மேஸ்திரி, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கட்டிலிருந்து ஜூன் எட்டை உருவி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். எந்த ஊரில், யார் வீட்டுக் காலண்டரில் ஜூன் ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்ததோ, அந்தப் புண்ணியவான் என்ன நினைத்தானோ. அதற்கு மறுநாள் பத்தொன்பது. ராணியிடம் அந்தத் தாளைக் காட்டியிருந்தான், அதுதான் தப்பு, காட்டியிருக்கவே கூடாது. அவள் அழவில்லை, அதை வாங்கி இரண்டாக மடித்து அவன் பர்ஸிலேயே திரும்ப வைத்தாள். இந்த வருஷம் ஜூன் எட்டு வந்தது, சாதாரணமாக, ஒரு திங்கட்கிழமை. காலையில் ரெண்டு பேரும் கூடத்தில் நின்று அதைப் பார்த்தார்கள். முந்தின நாள் தாளைக் கிழிக்கிற மாதிரிதான் மறுநாள் அதையும் கிழித்தான். இந்தத் தடவை பிறக்கும் நாள் சித்திரையில் வரும், ஏப்ரல் இருபத்தெட்டு, அதை வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. அந்தக் கட்டு பைண்டிங்குக்கு வந்தபோது மேற்பார்வையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். கீழே வெளிப்பெட்டியின் விசிறி சுற்ற ஆரம்பித்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. மூன்று ஒன்பது.

கீழே வந்து கட்டிலில் ராணிக்குப் பக்கத்தில், அவளை இடிக்காமல், ஓரமாக மல்லாந்து படுத்தான். இனி செய்ய ஒன்றுமில்லை. செந்தட்டி நாளைக்கு வருவான், நாளைக்கு வந்து என்ன, நாலு மணிக்கு எல்லாம் தெரிந்துவிடும். நேர் மேலே கண்ணன். நாலு நாளாக இவன் பகலில் இங்கே படுத்ததே இல்லை, ராத்திரி படுத்ததும் கட்டையாகத் தூங்கிவிடுவான், இந்தக் கோணத்தில் கண்ணனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கன்னத்தில் அச்சுக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கிறது, அதனால் கன்னம் இரண்டாகத் தெரிகிறது, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. பகல் முழுவதும் இவள் இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாளா. நாலு நாளாக இந்தச் சத்தத்தையும் தனியாகக் கேட்டுக்கொண்டு. அட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த நூல் பிசிர் ஒன்று காற்றில் ஆடியது. கீழ்ப்பக்கமாக ஆடவில்லை. மேலே, மேலே, சுவரோடு ஒட்டி மேலே இழுத்துக்கொண்டு ஆடியது. மாரீஸ்வரன் அதையே பார்த்தான். மேலே. காற்று வாயிலிருந்து வருகிறது, அட்டையில் படுகிறது, மேலே போகிறது, மேலே என்ன இருக்கிறது, ஏசி காற்றை உள்ளே இழுக்கிற இடம் இருக்கிறது, அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அது மோந்து பார்க்கிற இடமும் அங்கேதான் என்று மாட்ட வந்த அன்றைக்கே செந்தட்டி காட்டினான். தான் விட்ட காற்றையே தான் குடித்துவிட்டு, அடேயப்பா அறை குளிர்ந்துபோச்சு என்று நின்றுவிடுகிறது. கட்டிலில் இருக்கிறவள் வேர்த்துக்கொண்டு கிடக்கிறாள். மடையா. காற்று போக வர்ற வழி அடைச்சிருக்கான்னு பாருங்க அண்ணாச்சி என்று அவன் தலையில் அடித்த மாதிரிச் சொன்னானே, வெயிலில் மாடிக்குப் போய் எட்டிப் பார்த்த முட்டாளே, அடைத்தது நீதானே. எழுந்து நாற்காலியை இழுத்தான், ஏறினான், நூலில் கை வைத்தான், வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கா? போன் வர இன்னும் முக்கால் மணி நேரம், இப்போதா கண்ணனை இறக்குவது? நாலு நாளாக அவளுக்கு மேலே காவலாக இருந்த குழந்தையை, இந்த நேரம் பார்த்து, நூலை அறுத்து? நாற்பத்தொன்று, பத்தொன்பது. வேண்டாம். நின்று நின்று ஓடட்டும். போன் வந்த பிறகு எடுக்கலாம். ஆனால் அவள் முதுகு நனைந்திருக்கிறதே. ஆனால் பத்து நிமிஷம் ஓட வேண்டுமே. எடுத்தால் ஒரு பயம், எடுக்காவிட்டால் ஒரு பயம், கையைத் தூக்கினபடியே நாற்காலி மேல் ஒரு மேஸ்திரி.

"எடுத்துருங்க" என்றாள் ராணி, கண்ணைத் திறக்காமலே.

"தூங்கலையா நீ?"

"நீங்க நாற்காலியையும் கதவையும் இழுத்துக்கிட்டுக் கிடந்தா யாரு தூங்குவா. எடுங்க. அந்த அட்டையாலதான் நிக்குது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா? ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க அம்புட்டு ஆசையாக் கட்டுனீங்க. அவனும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். இறக்கி விடுங்கன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?" கண்ணைத் திறந்தாள். "இப்ப நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்கள்ல. எங்கிட்ட குடுங்க, நான் வச்சுக்கிறேன்."

முடிச்சு இறுகிப்போயிருந்தது, பைண்டிங் நூல் லேசில் அவிழாது, அதை இழுத்துக் கட்டினவனுக்கே அது தெரியும். பல்லால் கடித்து அறுத்தான். அட்டையை இரண்டு கையாலும் இறக்கி அவளிடம் கொடுத்தான், அவள் முந்தானையால் தூசியைத் துடைத்துத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஏசியின் காற்று வாயில் இருக்கிற மடலை மேல்நோக்கித் திருப்பிவிட்டான், காற்று எதிர்ச்சுவருக்குப் போய் அங்கிருந்து இறங்கியது, அவ்வளவுதான், வயிற்றிலும் படவில்லை, இதை நாலு நாளைக்கு முன்னாலேயே செய்திருக்கலாம், செய்யத் தோன்றவில்லை, பயந்தவனுக்கு அட்டைதான் தோன்றும். மூன்று இருபத்தெட்டுக்கு ஓட ஆரம்பித்தது. மூன்று முப்பத்தொன்று, ஓடியது. முப்பத்திரண்டு. மாரீஸ்வரன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். முப்பத்தைந்து. அறைக்குள் குளிர் இறங்குவது தெரிந்தது, முதலில் காலில், பிறகு கழுத்தில். முப்பத்தெட்டு. பத்து நிமிஷம்! முடிந்தது, ஜெயித்தாயிற்று, இதோடு எழுந்து போய்க் காப்பி போட்டிருக்க வேண்டியதுதானே. மனுஷன் மனசு அப்படி விடுமா? போன் வரும் வரைக்கும் நிற்கக் கூடாது என்று முடிச்சை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான். பேராசை. நாற்பது, நாற்பத்தைந்து. ராணியின் நெற்றியில் வேர்வை காய்ந்திருந்தது. ஐம்பது. இனி நிற்காது, நிற்காது, நல்லபடியாக, நூறு, நூற்றிருபது, ஏன் இருநூறுகூட வரலாம். ஐம்பத்தாறு. டக்.

நாலு நிமிஷம், இன்னும் நாலே நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா. முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"என்னங்க."

"ம்."

"அது நிக்கக் கூடாதுன்னு மனசுக்குள்ள ஏதாச்சும் நினைச்சுக்கிட்டீங்களா?"

அவன் சுவரை விரலால் சுரண்டினான்.

"அதானே பார்த்தேன். கடிகாரத்தையே தின்னுட்டு இருந்தீங்களே. ரூம் குளிர்ந்துருச்சுங்க, அதான் நின்னுருக்கு. குளிர்ந்தா நிக்கணும்ல. நல்லா இருக்கிற மிஷின்தான் நிக்கும்." அவள் சிரித்தாள். "நானும்தான் அட்டை கட்டுன நாள்லருந்து எண்ணுனேன்."

"எத்தனை தடவை நின்னுச்சுன்னு எண்ணுனியா?"

"நிக்கிறத ஏன் எண்ணணும்? எத்தனை தடவை திரும்ப ஓடுச்சுன்னு எண்ணுனேன். முந்தாநேத்து நூத்திப் பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன். ஒரு தடவைகூட வராம இருக்கல. அது போதும்னு விட்டுட்டேன்."

மாரீஸ்வரன் அவளைப் பார்த்தான். இவன் நின்றதையே எண்ணிக்கொண்டிருந்த அதே சத்தம், அதே டக். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாளா இவள்? இரண்டு தடவை நின்றதை விட்டுவிட்டு, மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனதை? இதுதான் கடைசி என்று அவள் சொன்ன குரலில் தோல்விதான் இருந்தது என்று நினைத்துக் கிடந்தானே, அது தோல்வி இல்லையோ. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. "காலங்காத்தால நாளைத் தேதிக்கு ஓடிட்டீங்களே, கன்னிக்கு அப்படி என்னதான் போட்டிருந்தது?" என்று அவள் கேட்டாள், அவன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கசங்கின தாளை எடுத்துக் காட்டினான், ஏமாற்றம் என்பதைப் பார்த்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், மெதுவாச் சிரிடி, மெதுவா, வயிறு குலுங்குது என்று இவன் பதறினான், பதறிக்கொண்டே இவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் போன் அடித்தது. மணி நாலு மூன்று. இவன் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"ஆமாங்க, விஜயராணிதான் பேசறேன்." கண்ணன் அட்டையை மார்போடு அணைத்திருந்தாள், அதன் தகர விளிம்பை விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. "ம். ம். திருப்பிச் சொல்லுங்க." கேட்டாள். "நூத்தி எழுபத்தி மூணா? நூத்தி, எழுபத்தி, மூணு. சரிங்க. நாளை மறுநாள் மறுபடி எடுக்கணும். சரிங்க. மாத்திரையெல்லாம் அப்படியே. வச்சிர்றேங்க."

போனை வைத்தாள். அவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான், வேறு எங்கே தொடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, எங்கே தொட்டாலும் ஏதாவது ஆகிவிடும் போல இருந்தது. பாதம் குளிர்ந்திருந்தது.

"நாளை மறுநாளும் பார்க்கணும்" என்றாள் அவள். "அது கூடியிருக்கணும்."

"கூடும்."

"என்னங்க, உங்க ஆபீஸ்ல அடுத்த வருசத் தாள் எதுவரைக்கும் அச்சாகியிருக்கு?"

"ஜூன் வரைக்கும் ஆயிருச்சு."

"அப்ப ஏப்ரல் இருபத்தெட்டு இருக்கும்ல."

அவளும் எண்ணியிருக்கிறாள். "இருக்கும். கட்டுக்கட்டா இருக்கும்."

"எடுத்துட்டு வந்துறாதீங்க" என்றாள் ராணி. "அது அங்கயே இருக்கட்டும். எல்லார் வீட்டுக்கும் போறப்ப நம்ம வீட்டுக்கும் வரட்டும்."

சரி என்று அவன் தலையாட்டினான். அவள் கண்ணனை வயிற்றுப் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், இந்தத் தடவை நிஜமாகவே தூங்குவதற்காக. அவன் அவள் பாதத்தை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏசி மறுபடி எப்போது ஓட ஆரம்பித்தது என்று ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.